பட்டம் வாங்கியாச்சு, இனி படித்தவர் ஆவது எப்படி?

என்னிடம் ஒரு பொறியியல் பட்டம் இருக்கிறது, முதல் வகுப்பு. என் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, எல்லாம் பெருவிரல் ரேகைதான். சில ஆண்டுகளுக்கு முன்னால் பைக் வாங்க 72,000 ரூபாய் கடன் எடுத்துவிட்டு, அந்தப் பைக்கிலேயே அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய் இறங்கினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா வண்டியைப் பார்த்தாள், விலை கேட்டாள், அடுத்த கேள்வி இதுதான்.

"எத்தன வட்டிடா?"

"பத்து பர்சன்ட் அப்பத்தா, வருசத்துக்கு."

மனசுக்குள் எதையோ வகுத்தாள். "அப்ப நூத்துக்கு மாசம் ஒரு ரூவா கூட வரலயே. எவன்டா அவ்வளவு கம்மியாக் குடுக்குறான்? மாசம் எவ்வளவு கட்டுற?"

"மூவாயிரத்து அறநூறு. இருவத்தி நாலு மாசம்."

வெற்றிலையைக் கொஞ்ச நேரம் மென்றாள். "அசலும் சேத்துத்தான கட்டுற? அப்ப மாசாமாசம் அசல் கொறஞ்சுக்கிட்டே வருமே. கொறயாத மாதிரியே வட்டி போட்டுருக்கான்."

அவ்வளவுதான். இரண்டு ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு என்றால் 14,400. அசலோடு சேர்த்து 86,400, அதை 24-ஆல் வகுத்தால் 3,600. கடைக்காரர் இதைத்தான் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார், நானும் தலையாட்டினேன். ஆனால் முழு 72,000 என் கையில் இருந்தது முதல் மாதம் மட்டும்தான். கட்டக் கட்டக் குறைந்து கடைசி மாதம் மூவாயிரத்துச் சொச்சம்தான் பாக்கி, அதற்கும் நான் 72,000-க்கான வட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிலுவைக்கு மட்டும் வட்டி என்று வைத்துச் சரியாகப் போட்டால் இந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்குப் பக்கம், அதாவது அப்பத்தா பாஷையில் ஒன்றரை வட்டி, நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். நிஜமாகவே குறையும் நிலுவைக்குப் பத்து விழுக்காடு என்றால் மாதத் தவணை 3,322 ரூபாய்தான் வந்திருக்கும், மொத்த வட்டி சுமார் 7,700. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்டியிருக்கிறேன், அதுவும் நான்கு செமஸ்டர் கணிதம் பாஸ் செய்துவிட்டு.

அன்றைக்கு ராத்திரிதான் முதல்முறையாக எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது, நம் வீட்டில் படித்தவர் யார் என்று.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு வரையறை உண்டு. ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்துகொண்டு எழுதவும் படிக்கவும் முடிந்தால் எழுத்தறிவு பெற்றவர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 80.09 விழுக்காட்டினர் இந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள், நானும் அதில் ஒருவன். அந்த வரையறையில் "புரிந்துகொண்டு" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடன் தாளில் நான் கையெழுத்துப் போட்ட அன்று என் விஷயத்தில் அந்தச் சொல் பொருந்தவில்லை.

சரி, புலம்பல் போதும். அந்தப் பைக்குக்குப் பிறகு நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்ட சில பழக்கங்களை எழுதுகிறேன். யாரும் சான்றிதழ் தரமாட்டார்கள், செலவும் பெரிதாக இல்லை.

முதலில், கையில் இருக்கும் தாளைப் படியுங்கள்

புத்தகம் அப்புறம். முதலில் உங்கள் கையெழுத்து கேட்டு வருகிற தாள்.

கடனில் தொடங்கலாம். 2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு "முக்கிய விவரத் தாள்" ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே தரவேண்டும், அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில். அலுவலகத்தில் அதைக் கே.எஃப்.எஸ். என்று கேட்டால்தான் புரியும். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி இருக்கும், ஆண்டுச் சதவீத வீதம். பிராசஸிங் கட்டணம், காப்பீடு என்று தலையில் கட்டுகிற எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை விழுக்காடு ஆகிறது என்பது அந்த ஒரு எண்ணில் வந்துவிடும். விளம்பரத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிடுங்கள், இதை மட்டும் இரண்டு மூன்று இடங்களில் வாங்கி ஒப்பிடுங்கள். "அதெல்லாம் கடைசியில் மெயிலில் வரும் சார்" என்றால் வந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள், கூச்சமே வேண்டாம்.

தாள் தராத இடத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். எக்செல்லிலும் கூகுள் ஷீட்டிலும் ரேட் (RATE) என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. தவணை எண்ணிக்கை 24, தவணைத் தொகை 3,600 (கழித்தல் குறி போட்டு), கடன் 72,000 என்று கொடுங்கள், மாத வட்டி வரும், 12-ஆல் பெருக்குங்கள். இரண்டு நிமிட வேலை. எனக்கு அந்த இரண்டு நிமிடத்தின் விலை ஏறக்குறைய 6,700 ரூபாய்.

அடுத்து நிலம். மனை வாங்கும்போது "வில்லங்கம் பார்த்தாச்சு, கிளீன்" என்று தரகர் சொல்வார். வில்லங்கச் சான்று நீங்கள் கேட்ட காலத்துக்குள் பதிவுத் துறையில் பதிவான பரிவர்த்தனைகளைத்தான் காட்டும். பதினைந்து வருஷத்துக்கு எடுத்தால் பதினாறாவது வருஷத்தில் போட்ட அடமானம் அதில் தெரியாது. பதிவாகாத ஒப்பந்தமோ நடக்கிற வழக்கோ அதில் இல்லாமலும் போகலாம். பட்டா என்பது வருவாய்த் துறையின் ஆவணம், பத்திரம் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றை விரல் வைத்துப் பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர். பட்டாவில் ஹெக்டேரில் இருக்கும், ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். இந்த நான்கு எண்கள் மனசில் இருந்தாலே பத்திரம் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்கு வக்கீலிடம் போங்கள். போகும்போது அவரிடம் கேட்க உங்களிடம் கேள்வி இருக்கும், அதுதான் வித்தியாசம்.

சின்னத் தாள்களும் உண்டு. மாத்திரை அட்டையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதவேண்டும் என்பது விதி, ஆகவே முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பின்பக்கத்தில் முதல் பெயர் மைதாவா என்று பாருங்கள்.

கேள்வி

"கல்வி கேள்விகளில் வல்லவர்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேட்பது என்றால் வினவுவது, கேட்பது என்றால் காது கொடுப்பது, தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். படித்தவர்களாகிய நமக்கு இந்த இரண்டாவது அர்த்தம் சுத்தமாக மறந்துபோய்விட்டது.

1880 அக்டோபரில் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பு. உ.வே.சாமிநாதையர் அப்போது கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர், வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நேராகப் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று நீளமாக அடுக்கினார். முதலியாரின் முகத்தில் வியப்பே இல்லை. இதெல்லாம் சரி, இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டார். தெரியாது. புத்தகம் கிடைத்தால் படித்துவிடலாம் என்கிற தைரியம் மட்டும் இவருக்கு இருந்தது, முதலியார் பிறகு ஏட்டுப் பிரதியிலிருந்து எழுதிய கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. திறந்து படித்தால் ஓடவில்லை. சமணக் கதை, சமணச் சொற்கள், இவருக்குத் தெரிந்த சைவ நூல்களில் இல்லாத வழக்குகள். நம்மில் ஒருவராக இருந்தால் "பாடம் பிழையாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு மூடியிருப்போம். அவர் விசாரித்துக்கொண்டு அதே கும்பகோணத்தில் இருந்த ஒரு சமணர் வீட்டுக்குப் போனார். போன அன்று அந்த வீட்டில் தோரணமும் கோலமுமாக ஏதோ விசேஷம் போல இருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணியைப் படித்து முடித்த நாள், அதைக் கொண்டாடுகிறோம் என்றார்கள். தமிழாசிரியருக்குத் தெரியாத நூலைப் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் வழிவழியாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெளிந்துதான் 1887-இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார்.

ஆகவே பழக்கம் இதுதான்: ஒரு விஷயம் புரியவில்லை என்றால், அந்த விஷயத்தோடு தினமும் புழங்குகிற ஆள் யார் என்று யோசியுங்கள், அவரிடம் போங்கள். வீட்டில் மோட்டார் ஏன் அடிக்கடி எரிகிறது என்று வீடியோ பார்ப்பதற்கு முன்னால் காயில் கட்டுகிறவரின் பட்டறையில் அரை மணி நேரம் உட்காருங்கள். அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள், "அது தெரியும், அது தெரியும்" என்று சொல்லாதீர்கள். தெரியும் என்று சொன்ன அந்த நொடியே அவர் மேற்கொண்டு சொல்வதை நிறுத்திவிடுவார். நான் அப்படி எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கிறேன்.

எழுதிக் கேட்பது

வாயால் கேட்பது ஒரு கலை என்றால் எழுதிக் கேட்பது வேறு கலை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005.

நான் குடியிருக்கும் தெருவில் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. கோபத்தில் உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன்: "எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் சாலை போடவில்லை? இதற்கு யார் பொறுப்பு? மக்கள் மீது அக்கறை இல்லையா?" முப்பது நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது, தாங்கள் கோரியது தகவல் வரையறைக்குள் வரவில்லை என்று. எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்த அலுவலர் சொன்னது சரிதான். சட்டம் கொடுப்பது அலுவலகத்தில் ஏற்கனவே இருக்கும் பதிவைப் பார்க்கும் உரிமை. "ஏன்" என்று கேட்டால் அவர் புதிதாக ஒரு விளக்கம் எழுதவேண்டும், அது அவர் வேலை இல்லை.

இரண்டாவது மனுவை இப்படி எழுதினேன். இன்ன நிதியாண்டில் இன்ன வார்டில் எடுத்துக்கொள்ளப்பட்ட சாலைப் பணிகளின் பட்டியல் நகல். இன்ன தெருவுக்கான மதிப்பீட்டு நகல். பணி ஆணை நகல். அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்களின் நகல் (அலுவலகப் பேச்சில் எம்-புக்). அவ்வளவுதான், உரிச்சொல் ஒன்றுகூட இல்லை. பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் அவர்கள் உரிய இடத்துக்கு அனுப்பவேண்டும். முப்பது நாளில் பதில் இல்லை என்றால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் நடக்கவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது.

நகல் வந்தது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டினேன். பார்த்தால் எங்கள் தெரு அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஊழலும் இல்லை ஒன்றும் இல்லை, யாருமே கேட்டு எழுதிக்கொடுத்திருக்கவில்லை. தெரு முழுக்க பி.இ.யும் எம்.காம்.மும் இருந்தும் வாட்ஸ்அப் குழுவில் திட்டியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை நாங்கள். அப்புறம் பதினெட்டு வீட்டில் கையெழுத்து வாங்கி வார்டு உறுப்பினரிடம் கொடுத்தோம்.

நூலகம்

சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. பின்னால் இருந்து தள்ளியவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு வந்தவர், வந்த புதிதில் அந்த வேலை பிடிக்காமல் திரும்ப வகுப்பறைக்கே போய்விடத் துடித்தவர், லண்டனில் நூலகங்கள் நடக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு வந்து முழுக்க மாறிப்போனார். வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கிறார்களே, அது இந்தச் சட்டத்தின் வழியாக வந்தது. ரசீதை எடுத்துப் பாருங்கள். காசு ஏற்கனவே கட்டிவிட்டீர்கள், போகாமல் இருந்தால் நஷ்டம் உங்களுக்கு.

போவதற்கு ஒரு முறை இருக்கிறது. "நல்ல புத்தகம் ஏதாவது இருக்கா" என்று போகாதீர்கள். ஒரு கேள்வியோடு போங்கள். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது, சர்க்கரை நோய்க்காரர் நுங்கு சாப்பிடலாமா, ஏதோ ஒன்று. ஒரே கேள்விக்கு இரண்டு புத்தகத்தில் பாருங்கள், இரண்டும் வேறுவேறாகச் சொன்னால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல நாள். சென்னையில் இருந்தால் கன்னிமாராவோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமோ, மதுரைப் பக்கம் என்றால் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். கிராமம் என்றால் ஃபோன் போதும். பெரியசாமித் தூரன் பொறுப்பில் வந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாக இருக்கிறது. பழசுதான், எண்களை நம்பவேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தை நல்ல தமிழில் எப்படி விளக்குவது என்பதற்கு அதை இப்போதும் திறக்கலாம்.

"தெரியாது" என்று சொல்லப் பழகுங்கள்

இதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம். குடும்பக் குழுவில் மாமா ஒருவர் "புதிய அரசாணை வெளியீடு, அனைவருக்கும் பகிரவும்" என்று அனுப்புகிறார். நம் குடும்பத்தில் படித்த பிள்ளை நீங்கள்தான் என்பதால் உண்மையா என்று கேட்பார்கள். "தெரியல மாமா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போடுங்கள். பிறகு நிஜமாகவே பாருங்கள், அங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறோம். அரசாணை என்றால் துறை, எண், நாள் மூன்றும் இருக்கும், அரசின் தளத்தில் தேடலாம். படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டு இதற்கு முன் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு விழுக்காட்டுக் கணக்கு என்றால் எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள்: வட்டி 8-லிருந்து 10 ஆனால் "2 விழுக்காடு உயர்வு" என்றும் போடுகிறார்கள், "25 விழுக்காடு உயர்வு" என்றும் போடுகிறார்கள். கூடியது இரண்டு விழுக்காட்டுப் புள்ளி, பழைய வட்டியோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்கு அதிகம். எது பயமுறுத்துமோ அதைத் தலைப்பில் போடுவார்கள். பொய் என்று தெரிந்தால் மாமாவைக் குழுவில் வைத்து மானத்தை வாங்காதீர்கள், தனியாகச் சொல்லுங்கள். அடுத்த முறை அனுப்பும் முன் உங்களைக் கேட்பார்.

இன்னொருவருக்குப் படித்துக் காட்டும்போது

வங்கியில் வரிசையில் நிற்கிறீர்கள், ஒரு பெரியம்மா பாஸ்புத்தகத்தையும் படிவத்தையும் நீட்டி "கொஞ்சம் எழுதிக் குடுப்பா" என்கிறார். நாம் என்ன செய்வோம் என்றால் சடசடவென்று நிரப்பி "இங்க கைநாட்டு வைங்க" என்று கொடுத்துவிடுவோம். உதவிதான். ஆனால் அந்தம்மா எதில் ரேகை வைத்தார் என்று அவருக்குத் தெரியாது, எனக்குப் பைக் கடனில் தெரியாததைப்போலவே. ஒரு நிமிடம் கூட எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்: எவ்வளவு தொகை, எந்தக் கணக்கு, எழுத்தால் என்ன எழுதியிருக்கிறேன். அவர் "சரிப்பா" என்ற பிறகு ரேகை. காலியாக எந்தக் கட்டமும் விடாதீர்கள், ஒரு கோடாவது போடுங்கள். பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி கணக்கு இருப்பைப் படிக்காதீர்கள், அது அவருடைய சொந்த விஷயம்.

போன வருஷம் சித்தப்பா மகன் ஆட்டோ வாங்கக் கடனுக்கு அலைந்தான். இந்த முறை தாளை முதலிலேயே வாங்கிவரச் சொன்னேன், தமிழிலேயே கொடுத்திருந்தார்கள். திண்ணையில் அப்பத்தாவுக்கு முன்னால் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். காது முன்னைப்போல இல்லை, அதனால் சத்தமாக. பிராசஸிங் கட்டணம் வந்த இடத்தில் "அது எதுக்கு?" என்று நிறுத்தினாள், எனக்குத் தெரியவில்லை, தெரியல அப்பத்தா என்றேன், தம்பி ஃபோன் போட்டுக் கேட்டான், கொஞ்சம் குறைத்தார்கள். ஏ.பி.ஆர். 15 என்று படித்தேன்.

"ஒன்னேகால் வட்டி" என்றாள். "மிச்சத்தையும் படி."